முப்பத்தொன்பதாவது கட்டம்

பாய் எந்தத் தாளையும் எடுத்த எடுப்பில் படிக்கமாட்டார். அச்சு இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாள்க்கட்டை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, மீன் வாங்குகிறவர் மாதிரி ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார். பிறகு மேஜையில் தட்டி ஓரங்களை ஒன்றாக்குவார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல எஃகு ஸ்கேலை எடுத்து இடது ஓரத்தை அளப்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கண்ணாடி மூக்குக்கு வரும். அதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிடும்.

"பாய், அது கம்ப்யூட்டர் போட்ட ஓரம். மாறவே மாறாது."

"மாறாதும்மா. ஆனா பாக்கணும்ல?"

அவருக்குப் பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் இருந்தது, நாங்கள் தயாரித்த ஒவ்வோர் ஆவணத்தின் முதல் பக்கத்திலும் இருந்தது. ஆனாலும் அலுவலகத்தில் ஏழு பேரும் பாய் என்றே கூப்பிட்டோம். வேறு பாய் அங்கே இல்லாததால் குழப்பமும் இல்லை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை அது வாசிக்கக் கூடாத இடத்தில் உரக்க வாசிக்கப்பட்டுவிட்டது. அது போதும்.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகிற சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். மழை பெய்தால் யூரியா வாடை படியேறி வந்து எங்களோடு உட்காரும். நான் பொறியியல் முடித்து, சென்னையில் ஓராண்டு குப்பை கொட்டிவிட்டு, ஊர்ப் பக்கமே ஏதாவது பெரிதாகச் செய்துவிடலாம் என்ற வேகத்தில் வந்து சேர்ந்தவள். அய்யாவுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் வெள்ளாமை. "ஏத்தா, அங்கன கம்ப்யூட்டர்ல என்னதான் பண்ற?" என்று கேட்பார். "படம் வரையிறேன்யா" என்பேன். அது பொய்யில்லை.

ஒரு சங்கமோ ஆலையோ தன் வேலையைக் கணினிக்கு மாற்ற நினைத்தால், அந்த வேலை இப்போது எப்படி நடக்கிறது என்று முதலில் போய்க் கேட்டு வரவேண்டும். யார் செய்கிறார், எந்த விதிப்படி, எதற்கப்புறம் எது, தவறினால் என்ன. கேட்டதையெல்லாம் நான் திரையில் பெட்டிகளாகவும் அம்புகளாகவும் வரைவேன். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் நிரப்புவதற்குச் சில கட்டங்கள் உண்டு: பொறுப்பு யார், எத்தனை மணி நேரத்துக்குள், யாருக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனை படமும் விவரமும் இருநூறு பக்க ஆவணமாக வந்து விழும். வாடிக்கையாளர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மென்பொருள் எழுதுகிறவர்கள் வேலையில் கை வைப்பார்கள்.

அந்த ஆவணத்தில் எது எந்தத் தோற்றத்தில் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது டெம்ப்ளேட். விதி என்றால் அட்டவணையா பத்தியா, தலைப்பு எவ்வளவு பெரிது, பொறுப்பாளர் பெயர் தடித்த எழுத்தா சாய்ந்த எழுத்தா. படம் என்னுடையது, டெம்ப்ளேட் பாயுடையது. வளைகுடாவில் ஏதோ எண்ணெய்க் குழாய் கம்பெனியில் பதினெட்டு வருடம் வரைபடங்களுக்கு எண் போட்டு, திருத்தம் போட்டு, பழையதற்கு முத்திரை குத்தி ஒதுக்கி வைத்தவர். ஐம்பது வயதில் கீழக்கரைக்குத் திரும்பி, தினமும் பஸ் ஏறி எங்களிடம் வந்துகொண்டிருந்தார். பதவி என்று பார்த்தால் நான் அவருக்கு மேல். வயதென்று பார்த்தால் என்னைப் போல் இரண்டு மடங்கு. அவர் என்னை அம்மா போட்டுக் கூப்பிட்டார். நான் அவரை அவசரப்படுத்தினேன். எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

அவரிடம் எனக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்று. காலிக் கட்டம்.

எங்கள் மென்பொருளின் வழக்கம், நிரப்பாமல் விட்ட கட்டத்தை ஆவணத்தில் காட்டாது. அது சுருங்கி மறைந்துவிடும், மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும், பக்கம் அழகாக இருக்கும். பாய் அதை மாற்றி வைத்திருந்தார். நிரப்பாத ஒவ்வொரு கட்டமும் சிவப்புக் கோட்டுக்குள் வரும். உள்ளே சிவப்பு எழுத்தில், கொஞ்சம் பெரிதாகவே, ஒரு கேள்வி: யார் சொல்லணும்?

"'விவரம் இல்லை'ன்னு போட்டாப் போதாதா பாய்? நாகரிகமா இருக்கும்ல."

"இல்லைன்னு எழுதினா முடிஞ்சுபோச்சும்மா. படிக்கிறவன் சரின்னு தாண்டிப் போயிருவான். யாருன்னு கேட்டுப் பாருங்க, எவனாச்சும் ஒருத்தன் தலையச் சொறிவான்."

இந்த வியாதி ஆவணத்தோடு நிற்கவில்லை. விடுப்புப் பதிவேட்டில் காரணம் எழுதாமல் யார் விட்டாலும் மறுநாள் அந்த இடத்தில் சிவப்பு மையில் கேள்வி இருக்கும். ஒருமுறை எங்கள் முதலாளியே ஒரு வெள்ளிக்கிழமை வராமல், காரணத்தைக் காலியாக விட்டிருந்தார். திங்கட்கிழமை பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"யோவ் பாய், இங்க நீ முதலாளியா நான் முதலாளியா?"

"நீங்கதான் சார். அதான் நீங்கதான் சொல்லணும்னு போட்டிருக்கேன்."

அன்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ஏன் பாய் இப்படி என்று அவரிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறேன், மூன்று பதில் வந்தது. முதல் தடவை, கப்பலில் வந்த ஒரு பெட்டியின் சீட்டில் போய்ச் சேரும் இடம் எழுதாமல் விட்டதால் அது இரண்டு வருடம் துறைமுகத்திலேயே கிடந்த கதை. இரண்டாவது தடவை, "எனக்குக் கண்ணு சரியில்லம்மா, வெள்ளையா விட்டா தெரிய மாட்டேங்குது" என்ற கேலி. மூன்றாவது தடவை மழை பெய்துகொண்டிருந்தது. பஸ் தாமதம். சீனி போடாத டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"எங்க லாத்தா, அக்காம்மா, அவ நிக்காஹ்ல ஜமாஅத் புத்தகத்துல ரெண்டாவது சாட்சி கையெழுத்து இடம் காலியாக் கிடந்துச்சு. ஏழு வருஷம் ஒருத்தரும் பாக்கல. அவ வாழ்க்கையில பிரச்சனைன்னு வந்த அன்னைக்கி எல்லாரும் அதை மட்டுந்தான் பாத்தாங்க."

அதற்குமேல் சொல்லவில்லை. எனக்கும் மேலே கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டியவற்றைக் கேட்காமல் விடுவதில் எனக்கு அப்போதே நல்ல கை.

பாம்பன் பாலம் தாண்டி, தீவில் ஒரு கரையூரின் படகுச் சங்கம் எங்களிடம் வந்தது. காலையில் எந்தப் படகு போகிறது, மறுநாள் எது திரும்பியது என்று அவர்களின் எழுத்தர் ஒருவர் இறங்குதளத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அதை அப்படியே செல்போனுக்கு மாற்ற வேண்டும். நான் துள்ளினேன். இரண்டு வாரம் அங்கேயே சுற்றினேன். ஐஸ் ஏற்றுவது, டீசல் பிடிப்பது, வலை ஏற்றுவது எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக வரைந்தேன். வேகமாக வரைந்தேன். நிரப்பாமல் நாற்பத்தொரு கட்டம் விட்டிருக்கிறேன் என்பது பாய் பொத்தானை அழுத்திய பிறகுதான் எனக்கே தெரியும்.

"நாப்பத்தொண்ணும்மா" என்றார் பாய், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, எண்ணிச் சொல்கிற குரலில்.

"பாத்துக்கலாம் பாய். மீட்டிங்கில கேட்டு நிரப்பிருவோம்."

சங்கக் கூடத்தில் முப்பது பேர். தலைவர் ஆவணத்தை நடுவில் திறந்தார். சிவப்பு. இரண்டு பக்கம் தள்ளினார். சிவப்பு.

"ஏம்மா, இதென்ன வினாத்தாளா? எங்களுக்குப் பரீட்சை வைக்க வந்திருக்கியளா?"

"ஏலே, பாஸ் மார்க்கு எவ்வளவுன்னு கேளு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் அதிர்ந்தது.

"எட்டாங் கிளாஸ்ல விட்டது, இப்பவும் விடமாட்டேங்கிறாளே!"

எனக்குக் காது எரிந்தது. எல்லாரும் சிரித்து முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு வயதான படகு டிரைவர் தாளை வாங்கி, தூரத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஐஸ் குறைந்தால் யாரிடம் சொல்வது, ஆள் மாறினால் யார் பெயரை மாற்றுவது, டீசல் சீட்டு தொலைந்தால் என்ன என்று மூன்று கட்டத்துக்கு நின்ற இடத்திலேயே பதில் சொன்னார். பாய் ஓடிப்போய்க் குறித்துக்கொண்டார். டிரைவர் இன்னும் சில பக்கம் தள்ளி ஒரு தலைப்பில் விரல் வைத்தார். குறித்த நேரத்தில் படகு திரும்பாவிட்டால். அதன் கீழே மூன்று சிவப்புக் கட்டங்கள்: பொறுப்பு, எத்தனை மணி நேரத்துக்குப் பின், யாருக்குத் தகவல்.

"இது பேசணும்ல?" என்றார். "இப்ப எழுத்தர் தம்பி அதுவாட்டுல நாலு பேருக்கு போன் போடும். போன்ல ஏறிட்டா யாரு பாப்பா?"

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சுண்ணே. அடுத்த தடவ ஒழுங்கா எழுதி முடிச்சுக் கொண்டு வரட்டும். அரைகுறையக் கொண்டாந்து நம்மளப் படிக்கச் சொன்னா?"

திரும்பும்போது வேனில் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். மானம் போயிற்று, சின்னப் பிள்ளையை நம்பிக் கொடுத்தது தப்பு, இப்படி. பாலத்தின் மேல் காற்று அடித்த அடியில் பாதி வார்த்தைகள் காதில் விழவில்லை. மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது. முன்சீட்டிலிருந்து பாய் திரும்பினார்.

"மூணு கிடைச்சுச்சுல சார்? நாப்பத்தொண்ணுல மூணு. ஒரே நாள்ல. நல்ல காரியந்தானே?"

அந்த நேரத்தில் அவரை எனக்கு அவ்வளவு பிடிக்காமல் போயிற்று. அவர் சிவப்பில் கட்டம் கட்டிக் காட்டியது சங்கத்தின் குறையை இல்லை, என் குறையை. நான் கேட்காமல் வந்ததை அச்சடித்து முப்பது பேர் கையில் கொடுத்துவிட்டார் என்று தோன்றியது. உள்ளதும் அதுதான்.

அடுத்த கூட்டம் ஒரு சனிக்கிழமை. வெள்ளி மதியம் பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். முதலாளி என் மேஜைக்கு வந்து, "நாளைக்கிச் சிவப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். முப்பத்தெட்டுக் கேள்வியையும் ஒரே மதியத்தில் யாரிடம் போய்க் கேட்பது? எழுத்தருக்காவது ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. பாயின் கணினியில் டெம்ப்ளேட்டைத் திறந்தேன். அதில் ஒரு சின்னச் சதுரம் உண்டு: காலியாக இருந்தால் தவிர். அதில் ஒரு டிக் போட்டேன். பொத்தானை அழுத்தினேன். இருநூற்றாறு பக்கம் நூற்றுத்தொண்ணூறு பக்கமாக, வெள்ளை வெளேரென்று, ஒரு கேள்வியும் இல்லாமல் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை தலைவர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இப்பத்தாம்மா இது புத்தகம்" என்றார். கையெழுத்துப் போட்டார். உளுந்த வடை வந்தது. அந்த வயதான டிரைவர் அன்று கடலுக்குப் போயிருந்தார். பாயை முதலாளி அழைத்து வரவில்லை.

திங்கட்கிழமை, சங்கத்துக்குக் கொடுக்கப் பைண்டிங் பிரதி எடுக்கும்போது பாய் வழக்கம்போலக் கட்டைத் தூக்கிப் பார்த்தார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"எடை குறைஞ்சிருக்கேம்மா."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் புரட்டினார். குறித்த நேரத்தில் படகு திரும்பாவிட்டால் என்ற தலைப்பு அங்கேதான் இருந்தது, தலைப்பு மறையாது. அதன் கீழே ஒன்றுமில்லை. நேராக அடுத்த தலைப்பு. பாய் அந்தப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, இரண்டு தலைப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்தார். எதற்கு அளந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எழுந்து முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"கையெழுத்தாகிருச்சு பாய். இனி ஒரு எழுத்த மாத்தக் கூடாது. உங்க டெம்ப்ளேட்டயும் தொடாதிய."

"கட்டம் மட்டும் காட்டட்டும் சார். எழுத்து ஒண்ணும் மாறாது."

"தொடாதியன்னு சொன்னேன்."

திரும்பி வந்து என் மேஜையோரம் நின்றார்.

"வடிவத்த மாத்தினா திருத்தப் பட்டியல்ல போடணும்மா. செஞ்சது யாருன்னு ஒரு இடம் இருக்கு. யாரு பேரு போடட்டும்?"

"அப்புறம் பாத்துக்கலாம் பாய்."

"சரிம்மா."

சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டு வந்து வைத்தார். முப்பத்தெட்டு வரி. ஒவ்வொன்றுக்கும் பக்க எண், தலைப்பு, காலியாக உள்ளது எது என்று. ஓரங்கள் நாலு பக்கமும் சமம். "நேரங் கிடைக்கிறப்ப கேட்டு வாங்கிருங்க, இன்ஷா அல்லாஹ்" என்றார். நான் அதை மேஜை இழுப்பறையில் போட்டேன். கிழிக்கவில்லை. வேண்டுமானால் என் கணக்கில் ஒரு புண்ணியமாக அதை எழுதிக்கொள்ளலாம்.

மென்பொருள் வந்தது. எல்லாருக்கும் பிடித்தது. ஐப்பசி கடைசியில் ஒரு படகு, நாலு பேரோடு, காலையில் போனது மறுநாள் காலையில் திரும்பவில்லை. படகின் சொந்தக்காரர் அந்த வாரம் மதுரை ஆஸ்பத்திரியில் தன் தாயோடு இருந்தார். செல்போன் திரையில் அந்தப் படகின் வரிசை மஞ்சளாகி 'நிலுவை' என்று காட்டியது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். யாரையும் கூப்பிட அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுத்தர் பழைய ஞாபகத்தில் நாலு பேருக்குப் போன் போட்டிருப்பார்தான். ஆனால் இனி எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்ததே நான்தான். படகில் போன நாலு பேரில் ஒருவரின் மனைவி இரண்டு தடவை இறங்குதளத்துக்கு வந்து கேட்டிருக்கிறார். எழுத்தர் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். "நிலுவைன்னுதான் இருக்கு மதினி. ஏதாச்சும்னா கம்ப்யூட்டர் சத்தம் குடுக்கும். வந்துருவாங்க."

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. படகின் அடியில் விசிறியில் வலை சிக்கிச் சுற்றிவிட்டது. அறுக்க இறங்கியவருக்குத் தொடையில் ஆழமான காயம். இயந்திரம் படுத்துவிட்டது, பாட்டரி இறங்கி வயர்லெஸ்ஸும் போய்விட்டது. திரும்பியிருக்க வேண்டிய காலையில் அவர் உயிரோடு இருந்தார். மத்தியானமும் இருந்தார். அதற்கடுத்த நாள் நாட்டுப்படகில் வந்த ஒரு வல்லக்காரர் தற்செயலாகப் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது மூன்று பேர் இருந்தார்கள்.

சங்கக் கூடத்தில் மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முதலாளி, பாய், நான். எதிரில் தலைவர். சுவரோரம் இறந்தவரின் அண்ணன். தலைவர் பைண்டிங் பிரதியைத் திறந்து அந்தத் தலைப்பில் விரல் வைத்தார்.

"படகு திரும்பாட்டின்னு தலைப்பு இருக்கு. கீழ என்ன எழுதியிருக்கு?"

பிரதியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் படிக்கவா? ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததுக்கா கையெழுத்து வாங்கினிய?"

"ஒரு பகல் பூரா தண்ணி கேட்டிருக்கான்யா" என்றார் அண்ணன். சத்தமே இல்லை அந்தக் குரலில். "இங்கன இருந்து ஒரு ஆளு போன் போட்டிருந்தா பத்துப் படகு போயிருக்கும்."

"யாரு தயார் பண்ணினது இது?" என்றார் தலைவர்.

முதலாளி முதல் பக்கத்தைத் திருப்பினார். ஆவண வடிவமைப்பு என்று போட்டு ஒரு பெயர்தான் அதில் இருந்தது. அவர் அதை உரக்க வாசித்தார்.

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். பாய் தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "அங்கன மூணு கட்டம் இருந்துச்சு. முதல் தடவ நீங்களே பாத்திய. சிவப்பா இருந்துச்சு."

"இப்ப எங்க?"

பாய் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை அந்த முகத்தில், கெஞ்சலும் இல்லை. காலிக் கட்டத்தைப் பார்க்கிற அதே பார்வை. நிரப்ப வேண்டிய ஆள் நிரப்பட்டும் என்று காத்திருக்கிற பார்வை. முதலாளி என்னிடம் கேட்டார்.

"நீ சொல்லும்மா. டெம்ப்ளேட் யாரு பொறுப்பு?"

"டெம்ப்ளேட் பாய்தான் பாத்துக்கிட்டாரு சார்" என்றேன்.

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான வாக்கியம் ஒன்றை நான் சொன்னதில்லை. தேவையில்லாததையெல்லாம் தவிர்த்துவிட்டு வந்த வாக்கியம்.

பாய் தலையை ஆட்டிக்கொண்டார். அண்ணன் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார். பாய் கையைத் தட்டிவிடவில்லை. சட்டைப் பையிலிருந்த ஸ்கேல் தரையில் விழுந்தது. 

அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மென்பொருளைச் சரிசெய்ய எங்களுக்குப் பத்து நிமிடம் ஆனது. மூன்று மணி நேரம் தாண்டினால் எழுத்தருக்கும் தலைவருக்கும் விடாமல் மணி அடிக்கும். பத்தே நிமிடம். நேராக மென்பொருளிலேயே எழுதிவிட்டார்கள், ஆவணத்தை யாரும் தொடவில்லை. சங்கம் எங்களைக் கைவிடவில்லை, அதற்கப்புறம் இன்னும் இரண்டு சங்கங்கள் வந்தன. எனக்குத் தனி அறை கிடைத்தது.

கடைசி நாள் பாய் தன் டீ டம்ளரைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டார். பதிவேட்டில் நேரம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினார் என்று பிறகு போய்ப் பார்த்தேன். 'நிறுத்தப்பட்டேன்' என்று எழுதியிருந்தார். காலியாக விடவில்லை. படியிறங்கும் முன் என் மேஜைக்கு வந்தார்.

"அந்த முப்பத்தெட்டு எழுதின தாளு இருக்காம்மா?"

இழுப்பறைக்கும் என் முழங்காலுக்கும் நாலு விரல்கடைதான் தூரம்.

"தெரியல பாய். பாக்கணும்."

"பாருங்க" என்றார். "அதுல இன்னும் முப்பத்தஞ்சு இருக்கு."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் கேட்டது மீதி முப்பத்தைந்துக்காக.

இப்போது கீழக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாராம். காலி விட்டுக் கொண்டு வந்தால் வாங்கமாட்டேன் என்கிறார், சரியான கிறுக்கு என்று எங்கள் அலுவலகப் பையன் ஒருவன் வந்து சொன்னான். சிரித்தான். ஒருநாள் ஏர்வாடி போகிற பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ஜன்னலிலிருந்து தெரிந்தது. யாரோ கொடுத்த தாள்க்கட்டை இரண்டு கையிலும் ஏந்தித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் அங்கே இரண்டு நிமிடம் நின்றது. இறங்குவதற்கு இரண்டு நிமிடம் தாராளம்.

போன மாதம் எனக்குப் புதுக் கணினி கொடுத்தார்கள். பழையதைத் துடைக்கும் முன் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். படகுச் சங்கத்தின் படங்கள் அப்படியே இருந்தன. என்ன தோன்றியதோ, பாய் போன பிறகு என் கணினிக்கு வந்த டெம்ப்ளேட்டைத் திறந்து அந்தச் சின்னச் சதுரத்திலிருந்த டிக்கை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். அச்சுக்குக் கொடுத்தேன். சூடாக வந்ததை இரண்டு கையிலும் ஏந்தினேன். கனத்தது.

சிவப்புக் கட்டங்களை எண்ணினேன். இழுப்பறையிலிருந்து பாயின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாகச் சரிபார்த்து எண்ணினேன். முப்பத்தெட்டு வரவேண்டும். முப்பத்தொன்பது வந்தது.

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது. அவர் பட்டியலில் இல்லாத ஒன்று, இரண்டாவது பக்கத்திலேயே, திருத்தப் பட்டியலில் இருந்தது. டிக் இருக்கும்வரை அச்சில் வராது என்று தெரிந்தேதான் அந்தத் திங்கட்கிழமை அவர் அதை உள்ளே எழுதி வைத்திருக்கிறார். திருத்தம்: காலிக் கட்டங்கள் நீக்கப்பட்டன. நாள்: அந்த வெள்ளிக்கிழமை. செய்தவர் என்ற இடத்தில் பெயர் இல்லை. சிவப்புக் கோட்டுக்குள், கொஞ்சம் பெரிய எழுத்தில், யார் சொல்லணும்?

யாரென்று அவருக்குத் தெரியும். ஜும்ஆவுக்குப் போன நேரத்தில் அவர் கணினியை வேறு யார் திறந்திருப்பார்கள்? கூடத்தில் அந்த அண்ணன் சட்டையைப் பிடித்தபோதும் தெரியும். ஆனால் அடுத்தவர் நிரப்ப வேண்டிய கட்டத்தை அவர் ஒருநாளும் நிரப்பியதில்லை.

கணினிக்குப் போய் அந்தக் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தேன். கோடு விட்டு விட்டுத் துடித்தது. என் பெயர் நாலெழுத்து. அடித்தேன். சிவப்பு மறைந்தது. கறுப்பில், மற்ற பெயர்களைப் போலவே, ஓரம் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

கோப்பை மூடும்போது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது.

வேண்டாம் என்று அழுத்தினேன்.